ஆ காட்டும் துப்பாக்கி

ஜனவரி 9, வெள்ளி

நீதிபதி அம்மா புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. "எழுதுங்க அமுதவல்லி. கார்ல நீங்க பேசுறதை அப்படியே எழுதினாலே படிக்கலாம்" என்றார். கார் என்றால் பேச்சு வரும். வீட்டில் உட்கார்ந்து எழுதச் சொன்னால் மளிகைச் சாமான்தான் ஞாபகம் வருகிறது. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

என் வேலையை முதலில் எழுதி வைக்கிறேன். நான் சப்-இன்ஸ்பெக்டர். மூன்று வருடமாக அம்மாவுக்குப் பாதுகாப்பு. சீருடை கிடையாது. சேலை கட்டிக்கொண்டு, தோளில் கைப்பையோடு அவருக்குப் பின்னால் நடப்பேன். பார்க்கிறவர்கள் கூட வந்த சொந்தக்காரி என்று நினைக்க வேண்டும். நினைக்கிறார்கள். கல்யாண வீடுகளில் எனக்கும் சேர்த்துத் தாம்பூலப் பை தருகிறார்கள். மணல் வழக்கு ஒன்று அம்மாவிடம் வந்ததிலிருந்து மிரட்டல் போன்களும் வருகின்றன.

மார்ச் பத்தாம் தேதி எனக்குச் சுடுதல் தேர்வு. வருடா வருடம் நடப்பதுதான். தேறாவிட்டால் பாதுகாப்புப் பணி கிடையாது, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான். அக்டோபரில் நீதிமன்ற வாசல் தள்ளுமுள்ளில் விழுந்து என் இடது மணிக்கட்டு உடைந்ததால், இந்த முறை எல்லோரும் என் கையையே பார்க்கிறார்கள். கட்டுப் பிரித்து எத்தனை நாளாகிறது! கை நன்றாக இருக்கிறது.

ஊறுகாய் பாட்டிலை இவரிடம்தான் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். ஆம்பளைக்கு வீட்டில் ஏதாவது ஒரு வேலை வேண்டாமா.

ஜனவரி 11, ஞாயிறு

என் வீட்டுக்காரர் குணாளன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கம்பெனியில் துப்பாக்கி வடிவமைக்கிறார். வெளியில் சொன்னால் பயப்படுகிறார்கள். பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிற மனிதர் என்பது எனக்குத்தானே தெரியும்.

போலீசுக்குச் சின்னக் கைத்துப்பாக்கி வேண்டும், உடைக்குள் மறைத்து வைக்கிற மாதிரி, பெண்களுக்கும் தோதாக, என்று கேட்டிருக்கிறார்களாம். கம்பெனி மூன்று மாதிரிகள் காட்டப் போகிறது. அதில் ஒன்று இவருடையது.

இன்று காலை ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "கையை வையி" என்றார். வைத்தேன். சின்னப் பிள்ளைக்குக் கை வரைவது மாதிரி பென்சிலால் சுற்றி வரைந்தார்.

"எதுக்கு?"

"சராசரிப் பெண் கைக்கு ஒரு அளவு வேணும்."

"நான் சராசரியா?"

பென்சிலைச் சீவினார். வலது கை முடிந்ததும் இடது கையையும் வைக்கச் சொன்னார். சுடுவது வலது கையால்தானே, இடது எதற்கு என்று கேட்டேன். தாளில் இடம் மிச்சம் இருக்கிறது என்றார். இடது கையை வரையும்போது மட்டும் பென்சில் மெதுவாகப் போனது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பை இவர்தான் ஒடித்தார், தேங்காயும் இவரே திருகினார். நாளைக்கு டியூட்டி.

ஜனவரி 25, ஞாயிறு

சாப்பாட்டுப் பையில் தயிர்ச்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பொம்மையை எடுத்து வந்திருக்கிறார். சுடாது. அலுமினியத்தில் கடைந்த வெறும் மாதிரி. குண்டுக்குப் பதில் பித்தளைத் துண்டுகள்.

பார்த்ததும் சிரித்துவிட்டேன். பார்வைக்குக் குட்டை, வாய் கீழே இறங்கி, கண்ணாடிக்கூடு மாதிரி இருந்தது.

"என்னங்க இது, இதைப் பார்த்தா திருடன் பயப்பட மாட்டான். மூக்குக்கண்ணாடி எடுக்குறாங்கன்னு நினைப்பான்."

"ஆபீஸ்லயும் இதையேதான் சொன்னாங்க. துப்பாக்கின்னா துப்பாக்கி மாதிரி இருக்கணுமாம்." முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. சரி, விளக்குங்கள் என்று எதிரே உட்கார்ந்தேன்.

விளக்கினார். சாதாரணத் துப்பாக்கியில் குழல் கைக்கு மேலே உயரத்தில் இருக்கும், அதனால் சுட்டதும் வாய் மேலே எகிறும். இதில் குழலை விரல்களுக்கு நேராகக் கீழே இறக்கிவிட்டார், எகிறாது. இது எனக்குப் புரிந்தது. அடுத்ததுதான் விஷயம். எங்கள் துறைத் துப்பாக்கியில் முதல் குண்டு குழலுக்குள் ஏற வேண்டுமானால், மேலே இருக்கும் ஸ்லைடை இடது கையால் பிடித்துப் பின்னால் இழுத்து விட வேண்டும். துப்பாக்கி சின்னதாகச் சின்னதாக உள்ளே ஸ்பிரிங் விறைப்பாக இருந்தே ஆக வேண்டும் என்றார். சின்னதுக்குத்தான் பிடிவாதம் அதிகம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நான் இவரைவிட அரையடி குள்ளம்.

இவர் துப்பாக்கியில் இழுக்கவே வேண்டாம். வலது கட்டைவிரலால் ஒரு சின்னத் தாழை அழுத்தினால் குழலின் பின்பக்கம் தானாக மேலே எழும்பித் திறந்துகொள்கிறது. குண்டை நேரே குழலில் வைத்து மூடிவிடலாம்.

"பாரு, ஆ காட்டுது" என்றார்.

சோறு ஊட்டும்போது பிள்ளையிடம் சொல்வோமே, அதே ஆ. பித்தளைத் துண்டை ஊட்டினேன். மூடினேன். மறுபடி ஆ காட்டு என்றேன், காட்டியது. ரசம் ஆறிப்போகிற வரை இரண்டு பேரும் அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தோம். இடது கைக்கு வேலையே இல்லை. அதை மடியில் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு வீட்டில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. விலை அரை லிட்டர் பால்.

பொம்மையைச் சேலையில் எங்கே செருகுவது என்று பார்க்க என்னைக் கூடத்தில் நிற்க வைத்தார். மடிப்புக்குப் பின் குத்தி, முந்தானையைத் தோளில் விட்டு, ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நின்றேன். வலது இடுப்பில் செருகி, எடு, வை, எடு, வை என்று பத்துத் தரம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. குறித்துக்கொண்டு டேப்பைச் சுருட்டினார்.

அப்போது அடுப்பில் பால் பொங்கியது. ஓடினேன்.

"நில்லு! அமுதா, அப்படியே நில்லு!" என்று ஒரு கத்தல். பாம்புதான் வந்துவிட்டதோ என்று நின்றுவிட்டேன். பால் அடுப்பெல்லாம் வழிகிறது. இவர் என் இடுப்பைக் காட்டுகிறார். ஓடுகிற அவசரத்தில் முந்தானையை இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தேன். எந்தப் பெண்தான் செருக மாட்டாள்? சண்டைக்குப் போனாலும், வாளியைத் தூக்கினாலும், பஸ் பிடிக்க ஓடினாலும் முதலில் கை போவது முந்தானைக்குத்தான்.

"கூடத்துல சும்மா நிக்கிறவளுக்கு அளவு எடுத்திருக்கேன் பாரு. ஆபத்து வந்தா நீ சும்மாவா நிப்ப? முதல்ல முந்தானையைச் செருகுவ. துப்பாக்கி துணிக்கு அடியில போயிடும்!"

எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தேன். குறி பார்ப்பதற்காக மேலே நீட்டிக்கொண்டிருந்த குறிமுனை துணியைக் கவ்விக்கொண்டது, பொம்மையோடு முந்தானையும் வந்தது. சுடும்போது ஸ்லைடு தானாகப் பின்னால் போகும் இடத்திலும் துணி புகுந்திருக்கும். நிஜமாக இருந்தால் ஒரு குண்டோடு அடைத்துக்கொண்டு நின்றிருக்கும் என்றார். அப்படியே சமையலறைத் தரையில் பாலுக்கு நடுவே முழங்காலிட்டு என் இடுப்பை அளந்தார். அவருடைய கால்சட்டையெல்லாம் பால். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம். இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கிறது என்பது இன்னொரு பக்கம். அடுப்பை அவர்தான் துடைத்தார், ஏனென்றால் துடைக்கும் துணியை நான் பிழிந்தால் தண்ணீர் நிற்கிறதாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

புதுப் பொம்மை வந்தது. வெளியே எதுவும் அசையாது. சுடும்போது முன்னும் பின்னும் போகிற பாகமெல்லாம் ஒரு மூடிய கூட்டுக்குள் அடங்கிவிட்டன. குறிமுனைக்குப் பதில் முதுகில் ஒரு பள்ளம். முனை என்று எதுவுமே இல்லை, தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கிறது. முந்தானையைச் செருகிக்கொண்டு நூறு தரமாவது எடுத்திருப்பேன், ஒரு தரம்கூடத் துணி மாட்டவில்லை.

ஒரு சந்தேகம் கேட்டேன். துறையில் குழலுக்குள் குண்டை வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, ஆபத்து வரும்போதுதான் ஸ்லைடை இழுத்து ஏற்ற வேண்டும் என்பது விதி. இதில் முன்னாலேயே ஊட்டி மூடி வைத்தால்? விரலால் இழுக்கும் குதிரையை, ரிவால்வரில் இழுப்பது மாதிரி நீளமாக, கனமாக இழுத்தால்தான் வெடிக்கும், தெரியாமல் தட்டுப்பட்டால் வெடிக்காது என்றார். ரிவால்வரை அப்படித்தானே இத்தனை காலமாக வைத்துக்கொள்கிறோம் என்றார். நியாயம்தான்.

பிப்ரவரி 19, வியாழன்

பயிற்சி மைதானத்தில் மானம் போயிற்று.

துறைத் துப்பாக்கியோடு பழகப் போயிருந்தேன். பக்கத்தில் ஏட்டு ஜெசிந்தா. நல்ல பெண், ஆனால் வாய் சும்மா இருக்காது. "லோட்" என்று உத்தரவு வந்ததும் என் கட்டைவிரல் இல்லாத தாழைத் தேடுகிறது, வாய் சத்தமாக "ஆ காட்டு" என்கிறது. துப்பாக்கி எதற்குக் காட்டும்?

"மேடம், அதுக்குப் பசி இல்லையாம்" என்றாள் ஜெசிந்தா. மைதானமே சிரித்தது. இப்போது எல்லோரும் லோட் என்பதற்கு ஆ காட்டு என்கிறார்கள்.

ஸ்லைடை இழுத்தேன், பாதியில் நின்றது. எண்ணெய் போடவில்லை போலிருக்கிறது. ஜெசிந்தா தன்னுடையதைக் கொடுத்தாள், அதுவும் பாதியில் நின்றது. மைதானத்தில் எதற்குமே எண்ணெய் போடுவதில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். குறிமுனையைச் சீருடை பெல்ட்டின் ஓரத்தில் மாட்டி வலது கையால் கீழே தள்ளினால் ஸ்லைடு பின்னால் போய்விடுகிறது. இடது கை வேண்டியதில்லை. தேர்வுக்கு இது போதும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று இவர் துப்பாக்கிக்குப் பரிசோதனை. நிஜத் துப்பாக்கி, நிஜக் குண்டு. பெண் காவலர்கள் ஐந்து பேர் சுட்டுப் பார்த்தார்கள், அதில் ஜெசிந்தாவும் உண்டு. பெண்டாட்டி என்பதால் நான் போகக் கூடாது. அதுதான் முறை. ஆனாலும் நாள் முழுக்க நீதிமன்ற வராந்தாவில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீதிபதி அம்மாவே, "என்ன, வீட்டுக்காரருக்குப் பரீட்சையா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். அவர் ஒழுங்காக வைத்தாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"எப்படிங்க?"

"நல்லா சுட்டுச்சு. மத்த ரெண்டு மாதிரியில ஒண்ணை எடுப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"ஏன், நல்லா சுட்டுச்சுன்னா?"

"அவங்களுக்கும் ஆயிரம் கணக்கு இருக்கும் அமுதா."

கத்திரிக்காய் வத்தக்குழம்பு வைத்திருந்தேன், மூன்றாவது தரம் கேட்டு வாங்குகிற குழம்பு. ஒரு தரத்தோடு கை கழுவிவிட்டார்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஜெசிந்தாவை மருந்துக்கடையில் பார்த்தேன். நான் வாங்கின தைலத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அஞ்சு பேருக்கும் சார் துப்பாக்கிதான் மேடம் பிடிச்சுது. கையில அடிக்கவே இல்ல. ஆனா டி.எஸ்.பி. ஐயா விடல. ஸ்லைடு இழுக்குறதுதானே போலீஸ்காரங்களுக்குப் பாலபாடம், இழுக்க முடியாத போலீஸ் எங்க இருக்காங்க, எனக்கு ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, இந்தக் கீலுக்கும் கூட்டுக்கும் ஆகுற செலவை நான் எழுதித் தர்றேன்னாரு. சாருக்கு எதிர்ல தண்ணி பாட்டில் இருந்துச்சு. எடுத்துக் குடிச்சாரு. அப்புறம், பொதுவா ஒரு வசதிக்காகத்தான் செஞ்சேங்கய்யான்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

எந்த டி.எஸ்.பி.? மார்ச் பத்தாம் தேதி என்னைச் சோதிக்கப் போகிற அதே டி.எஸ்.பி. ஐயாதான்.

ஒருத்தரைக் காட்டியிருந்தால் ஜெயித்திருப்பார். அந்த ஒருத்தி அவர் வீட்டிலேயே இருக்கிறாள்.

மருந்துக்கடை வாசலில் எதையும் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ஒரு அம்மா வெங்காயப் பையோடு இருந்தார், அது ஒரு சௌகரியம்.

மார்ச் 1, ஞாயிறு

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பொம்மையை அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பெல்ட் வித்தையை அவரிடம் செய்து காட்டினேன்.

"பாத்தீங்களா, தேறிடுவேன்."

"தேறிடுவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சேலையில பெல்ட் ஏது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது.

மார்ச் 5, வியாழன்

நீதிபதி அம்மாவோடு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் வேகமாக அம்மாவை நோக்கி வந்தான், கை சட்டைக்குள். நான் குறுக்கே பாய்ந்தேன். முந்தானை எப்போது இடுப்புக்குப் போனது என்று தெரியாது. துப்பாக்கி கையில் வந்துவிட்டது. ஸ்லைடைப் பிடித்தேன். இழுத்தேன். பாதியில் நின்றது.

அவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தது தன் மகள் கல்யாணப் பத்திரிகை. வியர்வையில் நனையாமல் இருக்க உள்ளே வைத்திருந்தானாம். என் கையைப் பார்த்து நடுங்கிவிட்டான். அம்மா அவனைத் தட்டிக்கொடுத்துப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

காரில் ஏறியதும், "நீங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதியே ஆக வேண்டும். பத்திரிகையாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கு இல்லை. மூன்று வருடமாக என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறார். அவ்வளவு நம்பிக்கை.

மார்ச் 9, திங்கள்

சீருடைக்கு இஸ்திரி போட்டார். பெல்ட்டுக்கும் பாலீஷ் போட்டு வைத்திருக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டுப் பேர் வரிசை. என் இடது பக்கம் ஜெசிந்தா. பின்னால் நாற்காலியில் டி.எஸ்.பி. ஐயா. "லோட்" என்று உத்தரவு வந்தது. மற்ற ஏழு பேரும் இழுத்துவிட்டார்கள். நான் குறிமுனையைப் பெல்ட்டில் மாட்டினேன். ஒரு தள்ளுத் தள்ளினால் முடிந்தது. பன்னிரண்டு வருடமாகத் தேறுகிறவள் இந்த வருடமும் தேறியிருப்பாள், நாளைக் காலை அம்மாவுக்குப் பின்னால் நடந்திருப்பாள்.

தள்ளவில்லை. துப்பாக்கியை மேசையில், வாய் முன்பக்கமாக வைத்தேன். கையைத் தூக்கினேன்.

"என்னம்மா, துப்பாக்கியில கோளாறா?" என்றார் ஐயா.

"துப்பாக்கி நல்லா இருக்குங்கய்யா. என்னால இழுக்க முடியல."

"சொல்லுங்க, வேற மாத்தித் தருவாங்க."

"எதைக் குடுத்தாலும் இழுக்க முடியாதுங்கய்யா. இடது மணிக்கட்டுல பலம் இல்ல. அக்டோபர்லருந்தே இல்ல." நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன். "ஸ்லைடு இழுக்க முடியாத போலீஸ் ஒருத்தரைக் காட்டுங்கன்னு போன மாசம் இதே மைதானத்துல கேட்டீங்க. நான்தாங்கய்யா அது."

யாரும் சிரிக்கவில்லை. ஐயா எழுந்து வந்தார். என் பெயர்ப்பட்டையில் 'அமுதவல்லி குணாளன்' என்று இருந்ததைப் படித்தார். மேசையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

"குணாளன் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரருங்கய்யா."

"அன்னிக்கு அவரு இதை ஏன் சொல்லல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று சும்மா நின்றேன். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போய்க் கையை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

தேர்வில் தேறவில்லை. இவரிடம் அதை மட்டும் சொன்னேன், மைதானத்தில் பேசியதைச் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

கட்டுப்பாட்டு அறைக்கு உத்தரவு வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லப் போனேன். எல்லாவற்றையும் கேட்டார், கல்யாண மண்டபத்தில் ஸ்லைடு பாதியில் நின்றதையும் சொன்னேன். பிறகு, "இதைச் சொன்னதாலதான் உங்களை நான் இன்னும் நம்புவேன்" என்றார். வாசல் வரை வந்தார். இந்த முறை நான் முன்னால், அவர் பின்னால். என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் ஒரு போன். புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் ஏட்டு, முன்பின் தெரியாதவர். "மேடம், நீங்க சொன்னது இங்க வரைக்கும் வந்துடுச்சு. எனக்குக் கட்டைவிரல்ல எலும்புத் தேய்மானம். ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம ஓட்டுறேன். உங்க சார் துப்பாக்கி எப்ப மேடம் வரும்?" நான்கு மணிக்குள் இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் இவர் வந்தார். செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று கூடத்திலும் கிடந்தது. டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கே கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் மாதிரியை மறுபடி கொண்டுவரச் சொல்லி. அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைத் திட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் திட்டியதில்லை.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? அந்த வேலைன்னா உனக்கு உசுரு! அதுக்காகத்தானே நான் வாயைத் தொறக்கல!"

"அம்மா உசுரு அதைவிடப் பெருசுங்க. அப்புறம், நீங்க ஜெயிக்க வேண்டியதை எனக்காகத் தோத்துட்டு வந்து வத்தக்குழம்பை ஒரு தரத்தோட விட்டுட்டு எந்திரிச்சா, எனக்கு எப்படி இருக்கும்?"

திட்டு நின்றுவிட்டது. என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அக்டோபரிலிருந்து தினம் ஒரு தரமாவது அவர் கேட்பதுதான், நான் இல்லை இல்லை என்று சொல்வதுதான். இன்றைக்கும் கேட்டார்.

"வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதுங்க" என்றேன்.